அம்மாவின் மறைவில் எங்களோடு நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளே, அயலவர்களே, நண்பர்களே,

அம்மாவின் முப்பத்தோராம் நாள் திருப்பலியும் வீட்டுச் செபமும் இறைவன் அருளால் நல்லபடி நடந்து முடிந்தன. "நேரில் வந்து ஆறுதல் கூறியவர்களுக்கும், மலர்வளையம் சாத்தியவர்களுக்கும், தொலைபேசியில் அனுதாபம் தெரிவித்தவர்களுக்கும்" என்று வழக்கம்போல் அச்சடித்துக் கொடுப்போம் என்றுதான் தம்பி சொன்னான். மட்டக்களப்பில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் நன்றி நவில்கிறோம். ஆனால் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இந்தத் தபசு காலத்தில் நீங்கள் எங்களுக்குச் செய்ததை அந்த மூன்று வரிக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் நன்றி காத்தான்குடி ஓட்டோக்காரக் காக்காவுக்கு (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்). அன்றிரவு அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது ஊர் அடங்கிக் கிடந்தது. தபசு காலமும் நோன்பு மாதமும் இந்த ஆண்டு சேர்ந்தே வந்தன அல்லவா, அவர் வீட்டில் விடியுமுன் உண்ணும் சஹர்ச் சாப்பாட்டுக்கு எழும்பும் நேரம். தட்டை மூடி வைத்துவிட்டு வந்தவர் அவர். வைத்தியசாலை வாசலில் அம்மாவைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் இருத்திய பிறகு, சேலைத் தலைப்பு சில்லில் சிக்கிவிடாமல் இழுத்து மடியில் செருகிவிட்டார். நானும் தங்கையும் பதறிக்கொண்டு நின்றோம், எங்கள் கண்ணில் அது படவே இல்லை. சொந்த மகன் செய்கிற காரியம் அது.

காக்காவைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் எழுத வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததை இந்த ஊரில் யாரால் மறக்க முடியும்? ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர் அங்கே உயிரிழந்தார்கள். எங்கள் கத்தோலிக்கக் கோயில்களிலும் பூசை நின்றது. அடுத்த ஞாயிறு பூசையை வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் முழந்தாளிட்டுத்தான் கண்டோம். முஸ்லிம்களும் நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற பார்வையே மாறிப்போன காலம் அது. கோயில் திறந்ததும் அம்மா வழக்கமான ஓட்டோவுக்கே சொல்லி அனுப்பினார். "ஏன் அக்கா, வேறு ஓட்டோ கிடைக்காதா?" என்று தெருவில் கேட்டார்கள். "அந்தத் தம்பி என்ன செய்தவர்?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. இருளை ஒளி வெல்வது என்று பிரசங்கங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எனக்கு நினைவில் நிற்பது அம்மா அந்த ஓட்டோவில் ஏறி உட்கார்ந்த காட்சிதான். காக்கா, அம்மா உங்களை நம்பினார். கடைசி இரவில் அந்த நம்பிக்கைக்கு நீங்கள் வந்து நின்றீர்கள். உங்கள் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்க வேண்டும்.

வாட்டில் இருந்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் நன்றி. பெயர் கேட்டுக்கொள்ளக்கூட நேரமில்லாமல் போன ஒரு தாதிப் பிள்ளை, நெற்றியில் திருநீறு வைத்திருந்தார். அம்மாவின் விரல்களில் செபமாலையைச் சுற்றிவிட்டு, "சிலுவை இந்தப் பக்கம்தானே வர வேணும் அக்கா?" என்று என்னிடம் கேட்டார். ஆம் தங்கச்சி, சரியாகத்தான் வைத்தீர்கள். அப்படியேதான் அம்மாவைப் பெட்டியில் கிடத்தினோம்.

மரணவீட்டு வேலைகளைப் பார்த்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! தெரு முனைப் பிள்ளையார் கோயில் பொடியன்மார் நாங்கள் கேட்காமலேயே தறப்பாளும் கதிரைகளும் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒழுங்கை முழுக்க டியூப் லைட் கட்டி, இரவெல்லாம் ஒருவர் மாறி ஒருவர் விழித்திருந்தார்கள். எங்கள் அடுப்பு எரியவில்லை, ஆனால் ஒரு நேரமும் ஒருவரும் பசியோடு இருக்கவில்லை. வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலையில் அம்மாவோடு படித்த அன்ரிமார் தடியூன்றிக்கொண்டு வந்து, பெட்டியைச் சுற்றி நின்று பாடினார்கள். அவர்கள் மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்தவர்கள், நாங்கள் கத்தோலிக்கர். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி கடல் கடந்து இங்கே வந்து, அடுத்த ஆண்டே இந்த மண்ணில் காலமானார். அவர் தொடங்கிய பணியின் வழியில் வந்த பள்ளிக்கூடத்தில்தான் அம்மா எழுத்தும் பாட்டும் படித்தார். எந்தக் கோயில் என்று பார்க்காமல் பாடிய அந்த நடுங்கும் குரல்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பங்குத்தந்தைக்கும், பங்கின் செபக் குழுவான மரியாயின் சேனையினருக்கும், சேமக்காலையில் வெயிலில் நின்று குழி வெட்டிய தம்பிமாருக்கும் அதே நன்றி.

இனி என் மனதைத் திறந்து கொஞ்சம் சொல்கிறேன். இந்தப் பகுதிதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு எனக்குச் செபம் வரவில்லை. செபமாலையைக் கையில் எடுப்பேன், "பரலோகத்தில் இருக்கிற" என்பதற்கு மேல் நாக்கு போகாது. சண்டைக் காலத்தில், கரண்ட் இல்லாத இரவுகளில், ஒரு போத்தல் விளக்கை நடுவில் வைத்து எங்களைச் சுற்றி இருத்திச் செபம் சொல்லித் தந்தவர் அம்மா. அவர் இல்லாத வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தும் எனக்கு இருட்டாக இருந்தது. "விசுவாசம் இருந்தால் இப்படி இருக்க மாட்டாய்" என்று யாரும் சொல்லவில்லை. அதற்கே உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எங்களைப் பார்க்க வந்த அருட்சகோதரி ஒருவர் எனக்கு அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. திருப்பாடல் 88ஐ எடுத்துக் கையில் தந்து, "உனக்காக ஒருவன் ஏற்கெனவே அழுது வைத்திருக்கிறான், வாசி" என்றார். வாசித்தேன். மற்றத் திருப்பாடல்கள் அழுகையில் தொடங்கினாலும் எங்காவது ஓரிடத்தில் விடியும். இது விடியவே இல்லை, இருளைச் சொல்லியே முடிகிறது. அப்படியொரு பாட்டை வேதாகமத்திலிருந்து எடுத்தெறியாமல் வைத்திருக்கிற கடவுளிடம் நானும் அப்படியே இருக்கலாம் என்று பட்டது. சிஸ்டர், அன்றிரவுதான் நான் தூங்கினேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய சனி இரவு, விழிப்பு வழிபாட்டுக்குக் கோயிலுக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. பக்கத்து வீட்டு மாமி வாசலில் வந்து நின்று, "எழும்பு மனே, சேலையை மாத்து" என்றார். வேறொன்றும் பேசவில்லை, நான் வரும்வரை செருப்பைக் கழற்றாமல் நின்றார். மாமி, நீங்கள் அன்று வராவிட்டால் இந்த மடலே இல்லை.

முன்பு இந்த விழிப்பு வழிபாட்டைச் சனி காலையிலேயே முடித்துவிடுவார்களாம். வெயில் எரிக்கும்போது ஒளியைப் பற்றிப் பாடியதாக அம்மம்மா சொல்லுவா. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதை மறுபடி இரவில் நடத்த அனுமதித்தார், 1956 முதல் அதுவே எங்கும் ஒழுங்காயிற்று. இருட்டில் நின்றால்தான் அதன் அருமை தெரியும் என்பதை இந்த வருடம் உடம்பாலேயே உணர்ந்தேன்.

கோயிலின் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு முற்றத்தில் நின்றோம். தும்பும் சிரட்டையும் அடுக்கி மூட்டிய நெருப்பைக் கல்லடிக் கடற்காற்று அலைக்கழித்தது. பங்குத்தந்தை உயிர்ப்பு விழாவின் பெரிய மெழுகுதிரியான புதிய பாஸ்காத் திரியில் சிலுவை கீறினார். முதலும் முடிவுமாக மேலே அகரம், கீழே னகரம், நான்கு மூலையிலும் இவ்வாண்டின் நான்கு இலக்கங்கள். பிறகு ஐந்து சாம்பிராணி மணிகளை எடுத்தார். சிவப்பு மெழுகில் பொதிந்த, ஆணி போன்ற சின்ன முளைகள். தலையில், நடுவில், காலடியில், இரண்டு பக்கமும் கைகளில் என்று ஆண்டவரின் ஐந்து காயங்களுக்காக ஒவ்வொன்றாகக் குத்தினார். வெண்மையான புதுத் திரியில் அவை இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காயங்களைக் குத்திய பிறகுதான் அந்தத் திரியில் தீ ஏற்றினார்கள். உயிர்த்தவரின் உடலிலும் காயங்கள் இருந்தன, சீடர் தோமாவுக்கு அவர் காட்டியது அவற்றைத்தான். ஆறாத காயத்தோடு அங்கே நின்ற எனக்கு இது வேறு எந்தப் பிரசங்கத்தைவிடவும் விளங்கியது.

வாசலில், நடுவில், பீடத்துக்கு முன்னால் என்று மூன்று முறை "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று பாடினார்கள். "இறைவனுக்கு நன்றி" என்று எல்லோரும் பதில் பாடினோம். நானும் பாடினேன். அத்தனை நாளும் ஒரு செபமும் வராத வாய்க்கு அந்த நன்றி வந்தது. ஒளியைக் கண்டதும் சொல்ல வேண்டியது நன்றி ஒன்றுதான் என்று திருச்சபை எப்போதோ முடிவு செய்துவிட்டது. விளக்கம் சொல்ல வேண்டாம், அழுகையை நிறுத்தவும் வேண்டாம்.

எனக்கு முன்வரிசையில் நின்ற ஒரு சின்னவன் தன் திரியைத் திருப்பி என் திரியில் வைத்தான். காற்றில் அணைந்தது. மறுபடி வைத்தான். கடதாசிக் கூம்பு பற்றிவிடும் என்று தாய் தோளைப் பிடித்து இழுத்தும் அவன் விடவில்லை. அந்த இரவில் பாடும் பாஸ்காப் புகழுரையில், இந்தத் தீ பலருக்குப் பங்கிடப்பட்டாலும் குறையாது என்று வருகிறது. மெழுகைத் தந்த தேனீக்களுக்கும் அந்தப் பாட்டில் இடம் உண்டு. அந்தப் பெரிய இரவில் திருச்சபை தேனீயைக்கூட மறக்கவில்லை என்றால், கதிரை அடுக்கிய பொடியனை நான் எப்படி மறப்பேன்?

"அந்த ஒளி இருளில் ஒளிர்ந்தது, இருள் அதன்மேல் வெற்றி கொள்ளவில்லை" என்று யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அம்மா இல்லாத அடுக்களை இன்னும் எனக்கு இருட்டுத்தான். அது மறைய வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அது என்னை வெல்லவில்லை. அம்மாவின் அடக்கத் திருப்பலியில் பெட்டியின் தலைமாட்டில் எரிந்தது போன வருடத்துப் பாஸ்காத் திரி. தேய்ந்து கட்டையாகி இருந்தது. முப்பத்தோராம் நாள் பூசையில் நின்றது காயம் குத்திய இந்தப் புதுத் திரி. ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் ஏற்றுவது ஒரே திரியைத்தான் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இந்த முறை அதைப் பார்த்துக்கொண்டே பூசை கண்டேன்.

வெளிநாட்டிலிருந்து நேரம் பார்க்காமல் அழைத்த மச்சான்மார், மச்சாள்மார், பிள்ளைகள் எல்லோருக்கும் அன்பான நன்றி. யாருடைய உதவியையாவது எழுதாமல் விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த நாட்களில் யார் வந்தார் யார் போனார் என்று கவனிக்கும் நிலையில் நாங்கள் இருக்கவில்லை.

ஒரு விஷயம். சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்கள் நிறைய எங்கள் வீட்டில் தங்கிவிட்டன. அடுக்குக் கரியர்கள், ஒரு பெரிய அலுமினியச் சட்டி, நீல மூடி போட்ட தண்ணீர் வாளி, அடியில் பெயர் பொறித்த இரண்டு தட்டங்கள். எல்லாம் கழுவித் துடைத்து முன் விறாந்தையில் வைத்திருக்கிறோம். பின்னேரங்களில் வீட்டில் ஆள் இருக்கும். வந்து எடுத்துக்கொண்டு, இருந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்.

நன்றியுடன்,
குடும்பத்தார் சார்பில்,
மூத்த மகள்
கல்லடி, மட்டக்களப்பு