அந்தச் சிறுமியை எனக்குக் காட்டியவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

வளர்ப்புக் குடும்பங்களில் மாறி மாறி வாழும் ஒரு சிறுமி தனக்கென்று ஒரு வீட்டைத் தேடும் கதை, சிறுவர் நாவலாக வெளிவந்துவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் உண்மை நீங்கள் தந்தது.

முதல் நன்றி, அப்படிப்பட்ட குடும்பங்களில் வளர்ந்து இன்று பெரியவர்களாகிவிட்ட உங்களுக்கு. என்னிடம் பேச வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை. ஆனாலும் பேசினீர்கள். புது வீட்டுக்குப் போய் வாரக்கணக்கில் பையைப் பிரிக்காமல் வைத்திருப்பது, சாப்பாட்டில் கொஞ்சத்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பது, இவர்களும் நம்மை அனுப்பிவிடுவார்களா என்று பார்ப்பதற்காகவே வம்பு செய்வது... இதையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் யோசித்து எழுதிவிட முடியாது. பெற்ற தாயைக் கெட்டவளாகக் காட்டிவிடாதீர்கள் என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். அம்மா வரும் அத்தியாயங்கள் அவருக்காகவே எழுதப்பட்டவை. நாவலில் எனக்கு மிகவும் பிடித்தவையும் அவைதான்.

வளர்ப்புத் தாய்மார்களுக்கு எப்படி நன்றி சொல்வது? தத்தெடுத்தவர்களுக்குப் பிள்ளை என்றென்றைக்கும் சொந்தம். உங்களிடம் வரும் பிள்ளையோ, பெற்றவர்களின் நிலைமை சரியானால் கிளம்பிவிடலாம். அது தெரிந்தும் பாசத்தில் நீங்கள் குறை வைப்பதில்லை. கிளம்பும் நாளில் துணிகளை மடித்து வைத்ததைப் பற்றி நீங்கள் சொன்னபோது நானும் அழுதுவிட்டேன்.

அப்புறம், சமூகப் பணியாளர்கள். குழந்தையைப் பாதிக்கும் எந்த முடிவிலும் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை சொல்வதையும், தகுந்த காரணமில்லாமல் உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்று 2009இல் ஐ.நா. ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்வதையும் பொறுமையாக விளக்கினீர்கள். பழைய வீடுகளின் படங்களும் பெயர்களும் சேர்த்து ஒட்டிய ‘வாழ்க்கைக் கதைப் புத்தகம்’ ஒன்றை அந்தச் சிறுமி கூடவே வைத்திருக்கிறாளே, அதுவும் நீங்கள் சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

கண்ணீர் வழியும் முகத்தை அட்டையில் போட மாட்டேன் என்று உறுதியாக நின்ற ஓவியருக்கும், ஒவ்வொரு வரியையும் பொறுமையாகப் பார்த்த பதிப்பாசிரியருக்கும் என் அன்பு.

கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கருத்துச் சொன்ன பிள்ளைகளே, வேறு வீட்டுக்குப் போன அவளுடைய தம்பி என்ன ஆனான் என்று எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். சரி, அவன் கதையை எழுதத் தொடங்கிவிட்டேன். முதலில் உங்களுக்குத்தான் அனுப்புவேன்.