மாதம் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒன்றில் 22 ஆண்டுகள் பெஞ்ச் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிறிய அளவு கஞ்சா வழக்கில் வரும் பையன்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டுப் போவார்கள். சில மாதம் கழித்து அதே பெயரை மறுபடி எழுதுவேன். அப்பா பெயரும் தெருப் பெயரும் எனக்கு மனப்பாடமாகவே இருக்கும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகன், தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கி ஹெராயினில் விழுந்தான். வழக்கானபோது அவனைச் சிறைக்கு அனுப்பாமல், போதை வழக்குகளுக்கென்றே உள்ள நீதிமன்றத்தில் சேர்த்தார்கள். 1989-இல் மியாமியில் தொடங்கிய முறை இது. அக்காவுக்குத் துணையாகப் போயிருந்த ஐந்து மாதமும் அவனோடு நானும் அங்கே போய் உட்கார்ந்தேன்.

வாரா வாரம் அதே நீதிபதி. கிடங்கு வேலை எப்படிப் போகிறது, அம்மாவுக்குக் கால்வலி குறைந்ததா, போதையைத் தொடாமல் இன்றோடு எத்தனை நாள் என்று கேட்டார். "47" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு நீதிமன்றத்தில் கைதட்டல் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

இரண்டே வாரத்தில் சறுக்கினான். சிறுநீர்ச் சோதனைக்கு முன்பே தானாகப் போய்ச் சொல்லிவிட்டான். எல்லாம் போச்சு என்று அக்கா அழுதாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் காவலில் வைத்தார்கள். அப்புறம் பரிசோதனையும் ஆலோசனையும் கூடின. ஆனால் அவனை வெளியே தள்ளவில்லை. தப்பு நடந்த வாரத்திலேயே தண்டனையும் வந்துவிடுகிறது. பெரிய தண்டனை இல்லை, ஆனால் தப்பிக்க முடியாது. இன்று அவன் விடுபட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. அவனோடு இருந்த இரண்டு பேர் பாதியில் நீக்கப்பட்டுச் சிறைக்குப் போனார்கள். 2012-இல் 154 மதிப்பீடுகளைத் திரட்டி வந்த ஆய்வின்படி, வழக்கமான முறையில் 100-க்கு 50 பேர் மறுபடி குற்றத்தில் சிக்கினால், பெரியவர்களுக்கான இந்த நீதிமன்றங்களில் அது சுமார் 38. பலன் மூன்று ஆண்டுகள் வரை நீடித்திருக்கிறது. மிச்சமான அந்தப் 12 பேரும் எனக்குப் பெரிய எண்ணிக்கைதான்.

நம்மிடமும் வழி இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, சிறிய அளவு வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பான, போதைக்கு அடிமையானவரை, அவர் சம்மதத்தோடு பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருடத்துக்குள் அவர் மருத்துவ அறிக்கையோடு ஆஜராக வேண்டும். என் 22 ஆண்டுகளில் இதைக் கேட்டு ஒரு மனுகூட என் மேசைக்கு வரவில்லை.

வருடக் கடைசியில் ஒரு காகிதம் வந்தால் மட்டும் போதாது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர்கள் முதலில் இந்தப் பிரிவில் மனு போடட்டும். அந்த ஒரு வருடமும் மாதம் ஒருமுறையாவது அதே நீதிபதி அந்தப் பையனைக் கூப்பிட்டு, "எத்தனை நாள் ஆச்சுப்பா?" என்று கேட்க உயர் நீதிமன்றம் ஏற்பாடு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்,
கும்பகோணம்