சினைக்கணக்கும் கெடு தேதியும்

வைக்காட்டோ, நியூசிலாந்து
ஜூன் மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாட்டையும் வைத்துக்கொண்டு எழுத்து வேலையையும் விடாமல் நடத்த முடியுமா என்று கேட்டிருந்தாய். நீ இங்கே வருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற நேரம் என்பதால், வேறு கதை எதையும் சேர்க்காமல் வேலையை மட்டும் எழுதுகிறேன்.

முடியும். ஆனால் காலையில் இத்தனை மணி எழுத்து, மாலையில் இத்தனை மணி மாடு என்று தினசரிக் கணக்குப் போட்டால் சீக்கிரமே குலைந்துவிடும். வருடக் கணக்குதான் நிற்கும்.

முதலில் எந்த மாடு என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இந்த வட்டாரம் பால் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றது. ஆனால் கறவை என்றால் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு வேளை, வருடத்தில் ஒன்பது பத்து மாதம். நல்ல வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்துதான் ஆக வேண்டும். எழுதுகிறவர்களுக்கு ஏற்றது ஆங்கஸ், ஹெர்ஃபோர்ட் போன்ற இறைச்சி இனப் பசுக்கள்தான். கன்று தாயோடேயே இருந்து பாலைக் குடித்துக்கொள்ளும், ஆறேழு மாதத்தில் பிரித்து விற்கலாம். இது இறைச்சிக்காக வளர்ப்பது. அதை மனதார ஏற்றுக்கொள்ள முடியாவிட்டால் இந்தத் தொழிலைத் தொடாதே. நல்ல மேய்ச்சல் நிலத்தில் ஒரு ஹெக்டேருக்கு ஒன்றரைப் பசு என்று வைத்துக்கொள். 4 ஹெக்டேருக்கு 6 பசுவும் அவற்றின் கன்றுகளும். ஏழாவது பசுவை வாங்கலாமே என்று ஆசை வரும், வாங்காதே. கூடுதல் மாடு கோடையில் புல்லைத் தின்றுவிடும், பிறகு தீவனம் தேடி அலைவது எழுத்து நேரத்தில்தான் நடக்கும்.

இப்போது வருடக் கணக்கு. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள். நவம்பர் 1-ஆம் தேதி காளையைச் சேர்த்தால் ஆகஸ்ட் 11-ஐ ஒட்டி முதல் கன்று விழும். (பருவம் இங்கே தலைகீழ்: ஜூன், ஜூலை குளிர்காலம், செப்டம்பரில் வசந்தம்.) பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் என்பதால், மூன்று சுற்றுக்குக் காளையை விட்டு 63-ஆம் நாள், அதாவது ஜனவரி 3-ஆம் தேதி பிரித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஈற்று முழுவதும் அக்டோபர் நடுப்பகுதிக்குள் முடிந்துவிடும். காளையை வருடம் முழுக்கக் கூடவே விட்டால், எந்த மாதத்திலும் கன்று விழும், எந்த மாதத்திலும் உன்னால் ஒரு கெடுவை நம்பி ஒப்புக்கொள்ள முடியாது. சிறு பண்ணைகளில் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 63-ஆம் நாள் தாண்டியும் சினை நிற்காத பசுவை விற்றுவிடுவது உத்தமம். பாவம் பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்த வருடக் கணக்கு முழுவதும் கெடும்.

ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பதிப்பாளரிடம் புதிய கையெழுத்துப்படி எதையும் ஒப்புக்கொள்ளாதே. அந்த ஒன்பது வாரத்தில் ஓடுவது திருத்த வேலை மட்டுமே: மெய்ப்புப் பார்த்தல், மொழிபெயர்ப்பின் இரண்டாம் வாசிப்பு, சொல்லடைவு போடுதல். இவற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விட்டுவிட்டு எடுக்கலாம். முதல் வரைவு அப்படி வராது. அதற்கு மே கடைசியிலிருந்து ஜூலை முடியும் வரை இருக்கிறது. பசுக்கள் பால் வற்றி நிற்கும், கன்று விற்றிருக்கும், வேலை குறைவு. நீண்ட கட்டுரை, நாவல் அத்தியாயம் எல்லாம் இந்தப் பத்து வாரத்துக்கே. வாரப் பத்தி எழுதுவதாக இருந்தால் ஈற்றுக் காலம் தொடங்குமுன் நான்கு பத்தியாவது முன்கூட்டி எழுதிக் கையிருப்பில் வைத்திரு.

ஈற்றுக் காலத்தில் இரவில் எழுவதைக் குறைக்க ஒரு வழி உண்டு. கனடாவில் மனிடோபாவைச் சேர்ந்த கஸ் கோனெஃபால் என்ற பண்ணையாளர் 1970-களில் கவனித்தது இது: தீவனத்தை இரவில் போட்டால் பெரும்பாலான பசுக்கள் பகலில் ஈனுகின்றன. ஈற்றுக்கு மூன்று நான்கு வாரம் முன்பிருந்தே உலர்புல்லை இருட்டும் நேரத்தில் கொடுக்கத் தொடங்க வேண்டும். எல்லாப் பசுவும் சொன்னபடி கேட்காது, ஆனால் தூக்கம் மிஞ்சும்.

ஈற்றில் பார்க்க வேண்டியது என்ன? பனிக்குடம் தெரிந்ததும் மணியைக் குறித்துக்கொள். ஒரு மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால், தலையீற்றுக் கிடேரியாக இருந்தாலும் சரி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடு. இரண்டு முன்னங்கால்களும் அவற்றின் மேல் மூக்கும் வந்தால் நேர் ஈற்று. குளம்பின் அடிப்பாகம் வானத்தைப் பார்த்திருந்தால் அது பின்னங்காலாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வந்தாலும், கால் இல்லாமல் தலை மட்டும் வந்தாலும் இழுக்கவே கூடாது. பிறந்த கன்று எழுந்து இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும், ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளக் கூடாது. சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்பு, குடலின் வழியாக இரத்தத்தில் சேர்வது முதல் நாளோடு நின்றுவிடும். 35 கிலோ கன்றுக்கு மூன்றரை லிட்டர் தேவை. தொப்புளை அயோடினில் நனைக்க வேண்டும். நஞ்சுக்கொடி ஒரு நாளுக்குள் தானாக விழும். தொங்குகிறதே என்று இழுத்தால் கருப்பையில் கிழிந்து புண்ணாகும்.

மற்ற மாதங்களில் தினசரி வேலை மேய்ச்சல் மாற்றுவதுதான். அதைப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வைத்துக்கொள். புல்லில் சர்க்கரைச் சத்து வெயிலில் ஏறி, பிற்பகலில் அதிகமாக இருக்கும். மாட்டுக்கும் நல்லது, உன் காலை நேரமும் தப்பும். காலையில் ஒரு சுற்று போய்த் தலையெண்ணிக்கை, தொட்டியில் தண்ணீர், மின்வேலி மூன்றையும் பார்த்தால் போதும். எந்தப் பசு தனியே ஒதுங்கி நிற்கிறது, எது அசை போடவில்லை என்பது அந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும்.

எவ்வளவு இடம் விடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு பசு நாளுக்கு ஈரம் போக 10 கிலோ தின்னும், ஆறு பசுவுக்கு 60 கிலோ. ஹெக்டேருக்கு 2,600 கிலோ உலர் எடையில் நிற்கும் புல்லை 1,500 வரை மேயவிட்டால் கிடைப்பது 1,100. ஆக ஒரு நாளைக்குச் சுமார் 550 சதுர மீட்டர். தற்காலிக மின்கம்பியை, காலால் மிதித்து ஊன்றும் கம்பங்களில் 20 மீட்டருக்கு 27 மீட்டர் என்று கட்டினால் சரியாக இருக்கும். ரைகிராஸ் புல் ஒவ்வொரு தூரிலும் மூன்று இலை விட்டதும் மேய விட வேண்டும். நான்காவது வரும்போது முதல் இலை காயும், அது வீண். நாலைந்து சென்டிமீட்டருக்குக் கீழே மேய்ந்தால் திரும்பத் தழைக்க வெகு நாளாகும்.

மின்வேலியில்தான் அதிக நேரம் போகும் என்று எல்லோரும் பயப்படுவார்கள். சோதிக்கும் ஒழுங்கு தெரிந்தால் போகாது. வேலியின் கடைசி முனையில் மீட்டர் 4 கிலோவோல்ட்டுக்குக் குறைந்தால், முதலில் வேலிக்கு மின்சாரம் தரும் கருவியின் இணைப்பைக் கழற்றிக் கருவியை மட்டும் சோதி. அது சரியென்றால் வேலியைப் பகுதி பகுதியாகத் துண்டித்துப் பார். உடைந்த இன்சுலேட்டர், கம்பியைத் தொடும் புல், துருப்பிடித்த முடிச்சு இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கோடையில் மட்டும் வலு குறைகிறது என்றால் மண் காய்ந்து எர்த் எடுக்கவில்லை. இரண்டு மீட்டர் கம்பி மூன்றை, மூன்று மீட்டர் இடைவெளியில், ஈரமுள்ள இடத்தில் அடிக்க வேண்டும்.

பிற்கோடையும் இலையுதிர் காலமும் இந்த வட்டாரத்தின் ஆபத்துக் காலம். ஜனவரியிலிருந்து மே வரை, வெப்பமும் ஈரமும் சேரும்போது, புல்லின் அடியில் காய்ந்த சருகில் ஒரு பூஞ்சை பெருகும். அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஈரல் கெட்ட மாட்டின் தோல் வெயில் பட்டாலே வெந்து உரியும். முகத்தில் தெரிவதற்குள் ஈரல் போயிருக்கும். மருத்துவர்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் பூஞ்சை வித்துகளை எண்ணி அறிவிப்பார்கள். ஒரு கிராம் புல்லுக்கு 30,000 தாண்டினால் அபாயம். அந்த நஞ்சிலிருந்து காக்கும் துத்தநாகம் அதற்கு முன்பே உடம்பில் ஏறியிருக்க வேண்டும், நோய் வந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. இந்த மாதங்களில் அடிவரை மேயவிடவே கூடாது.

கன்று பிரிக்கும் வாரம் மார்ச்சில் வரும். மூன்று நான்கு இரவு தாயும் கன்றும் ஓயாமல் கத்தும். உறுதியான வேலிக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்க்கும்படி விட்டால் கத்தல் குறையும், எடை இழப்பும் குறையும். அந்த வாரம் வானொலிப் பேட்டி எதையும் ஒப்புக்கொள்ளாதே.

காகித வேலையும் உண்டு. 2012-லிருந்து மாடுகளுக்கு நெய்ட் (NAIT) என்ற அடையாளத் திட்டம் கட்டாயம். கன்றுக்கு 180 நாளுக்குள், அதற்கு முன் பண்ணையை விட்டுப் போனால் போவதற்கு முன், காதில் வில்லை போட வேண்டும். போட்ட ஏழு நாளுக்குள் பதிய வேண்டும். மாடு இடம் மாறினால் 48 மணி நேரத்துக்குள் பதிவு. மருந்து கொடுத்த தேதியையும், எத்தனை நாள் விற்கக் கூடாது என்பதையும் அன்றே எழுது. இதற்குச் சட்டைப்பையில் சிறு நோட்டும் பென்சிலும் வை. ஈரத்தில் பேனா எழுதாது. அதே நோட்டின் பின்பக்கத்தை எழுத்துக் குறிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியில் பேசிப் பதிந்தால் காற்றிரைச்சல்தான் மிஞ்சும்.

கை விஷயத்தில் கண்டிப்பாக இரு. மாட்டைக் கட்டும் கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதே; மாடு துள்ளினால் விரல் போய்விடும். மாட்டு மூத்திரத்தின் வழியே லெப்டோ காய்ச்சல் மனிதருக்கு வரும், வந்தால் வாரக்கணக்கில் படுக்கை. மந்தைக்குத் தடுப்பூசி போட்டு, கீறல் உள்ள கையில் கையுறை போட்டு, கணினியைத் தொடுமுன் கை கழுவினால் பெரும்பாலும் தப்பலாம்.

பணம் இரண்டு பக்கமும் மொத்தமாகத்தான் வரும், மாதச் சம்பளம் போல வராது. கன்று விற்ற பணத்தில் குளிர்காலத் தீவனத்தை முதலில் எடுத்து வைத்துவிடு, ஒரு பசுவுக்கு 60 நாளுக்கு 600 கிலோ உலர்புல் என்று. எழுத்துப் பணத்தை நம்பிப் புல் வாங்கக் கூடாது, ராயல்டி தாமதமானால் மாடு காத்திருக்காது.

புத்தக விழாவுக்கோ வேறு வேலைக்கோ வெளியே போகும்போது பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவருக்கு ஒரே பக்கத்தில் எழுதி வை: எத்தனை தலை, இன்று எந்தப் பட்டியில், நாளை எதில், மின்வேலியின் சுவிட்ச் எங்கே, தண்ணீர்க் குழாயை எங்கே அடைப்பது, மருத்துவரின் எண். பதிலுக்கு அவர் வெளியூர் போகும்போது நீ பார்க்க வேண்டும்.

வருவதாக இருந்தால் ஆகஸ்ட்டில் வராதே, யாருக்கும் சொல்லித்தர நேரம் இருக்காது. பிப்ரவரியில் வா. கிளம்புமுன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள். செருப்பு, பூட்ஸில் துளி மண் இருக்கக் கூடாது, நன்றாகத் தேய்த்துக் கழுவு. கடந்த 30 நாளில் மாட்டுத் தொழுவம் எதற்காவது போயிருந்தால் வருகைப் படிவத்தில் மறைக்காமல் எழுது. இந்த நாட்டில் கோமாரி நோய் இல்லை, இனியும் வரக் கூடாது.

அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். பதில் போடு.

அன்புடன்,
அக்கா