வாய்மொழித் தேர்வுக்கு ஊரையும் அழைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு நாள்தோறும் பேருந்தில் போய்வரும் ஆய்வு மாணவி நான். எங்கள் மாவட்டக் கடற்கரையில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனவர்கள் வழங்கும் பெயர்களைத் தொகுத்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். இது நான்காம் ஆண்டு. சென்ற வாரம் எங்கள் தெருவில் எம்.ஏ. முடித்துவிட்டு நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து, “அக்கா, பிஎச்.டி. சேர்ந்தா சந்தோஷமா இருக்க முடியுமா?” என்று கேட்டாள். சேர முடியுமா, உதவித்தொகை கிடைக்குமா, வேலை கிடைக்குமா என்றெல்லாம் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. அவளுக்குச் சொன்ன பதிலைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஆய்வு மாணவர்களைப் பற்றி வெளியே தெரிவதெல்லாம் துயரச் செய்திகள்தாம். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர்களுக்கு முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் என்று 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்டிருந்தாலும், அது கிடைக்காமல் மாதம் 8,000 ரூபாயில் காலம் தள்ளுகிறவர்கள் மத்தியப் பல்கலைக்கழகங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மற்ற இடங்களில் அதுவும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் இந்தப் படிப்புக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 6 ஆண்டு, பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு வரை என்று கால அளவு வகுத்திருக்கின்றன. கல்யாண வீட்டுப் பந்தியில் “இன்னுமா படிக்கிறே?” என்று கேட்கும் உறவினருக்கு இந்த விதி தெரிந்திருக்க நியாயமில்லை. உதவித்தொகைத் தாமதத்தையும் ஆய்வை வழிநடத்தும் நெறியாளரின் கையெழுத்துக்காக அலைய நேர்வதையும் பத்திரிகைகள் எழுதத்தான் வேண்டும். அவற்றில் ஒரு வரியைக்கூடக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. ஆனால் இந்த வாழ்க்கையில் சிரிப்பும் களிப்பும் இருக்கின்றன என்பதை யாரும் எழுதுவதில்லையாதலால், வீட்டில் முதல் ஆளாக ஆய்வுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் வாசலிலேயே தயங்கி நின்றுவிடுகிறார்கள்.

பேருந்திலிருந்தே தொடங்குகிறேன். காலையில் கடலூரில் ஏறினால் ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று புதுச்சேரி நிலையம் சேர்ந்து, அங்கே வேறு பேருந்து மாற வேண்டும். இந்த வழியில் என்னோடு வரும் தோழி ஒருவர் ஓலைச்சுவடி படிக்கிறவர். 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் உள்ள தமிழ்ச் சுவடி ஒன்றை அவர் படியெடுத்துவருகிறார். புதுச்சேரியிலுள்ள சைவ சமயச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சுவடிகளின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவரின் கையில் மாலையில் எலுமிச்சம்புல் எண்ணெய் மணக்கும் என்பது, அவரோடு பேருந்தில் வருகிற எங்களுக்குத்தான் தெரியும். சுவடியில் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில்தான் இருக்கும். அதனால் ‘கொடு’ என்று எழுதியிருப்பது ‘கோடு’ ஆகவும் இருக்கலாம். ஒரு நாள் அப்படிப்பட்ட வரி ஒன்றைத் தம் நோட்டில் எழுதிவந்து, எது சரி என்று அவர் எங்களிடம் கேட்க, நாங்கள் நான்கு பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்து தவளக்குப்பம் வரை வாதாடினோம். சீட்டுக் கொடுத்து முடித்துவிட்டு அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நடத்துநர், “முந்தின வரி என்னம்மா?” என்றார். தோழி வாசித்துக் காட்டியதும், அதில் மலை வருவதால் இதில் மலையுச்சியைக் குறிக்கும் ‘கோடு’ என்றுதான் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு விசில் ஊதப் போய்விட்டார். அவர் பள்ளியில் தமிழை விரும்பிப் படித்தவராம். அவர் சொன்ன ‘கோடு’ என்பதைத்தான் தோழி ஏற்றிருக்கிறார். தம் ஆய்வேட்டின் நன்றியுரையில் பெயர் சொல்லி அவருக்கு நன்றி எழுதப்போகிறார்.

என் ஆய்வு நடப்பது தேவனாம்பட்டினம் கரையில். ‘டாக்டர் படிப்பு’ என்ற பேச்சு எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதால், முதல் மாதத்தில் வலைக்கூடத்துக்கு நான் போனபோதெல்லாம் யாராவது கெளுத்தி முள் குத்திய விரலையோ வலிக்கிற முழங்காலையோ நீட்டினார்கள். ‘முனைவர்’ என்று தமிழில் தனிச்சொல் இருப்பதன் அருமையை அங்கேதான் உணர்ந்தேன். நான் விளக்கிச் சொன்னதும், வலை பிரித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், “அப்ப நீ எங்க பேச்சுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர்னு வச்சிக்கிறோம்” என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கரையில் எனக்கு அதுதான் பெயர்; பல்கலைக்கழகம் பின்னால் தரப்போகும் பட்டத்துக்கு முன்னால் கிடைத்த இந்தப் பட்டத்தை நான் பெருமையாகவே வைத்திருக்கிறேன்.

நாம் பாடத்தில் தெற்கிலிருந்து வருவது தென்றல் என்றும் மேற்கிலிருந்து வருவது கோடை என்றும் படித்தோம். வடக்கிலிருந்து வரும் வாடையும் கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் கரையிலும் அதே பெயரோடு இருக்க, தெற்குக் காற்று மட்டும் அங்கே சோழகம், மேற்குக் காற்று கச்சான். கடலில் நீர் ஓடும் திசைக்கும் பெயர்கள் உண்டு: வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வாநீவாடு, தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் சோநீவாடு. நீவாடு என்றால் நீரோட்டம் என்று புரிந்துவிட்டது. முன்னால் நிற்கும் ‘வா’வும் ‘சோ’வும் என்ன என்று இரண்டு மாதம் எனக்குப் பிடிபடவில்லை. அகராதிகளைப் புரட்டினேன், நெறியாளரோடு பேசினேன், தூக்கத்திலும் அதே நினைவு. ஒரு மாலை திரும்பும் பேருந்தில், முருங்கப்பாக்கம் தாண்டும்போது, ஜன்னல் வழியே அடித்த காற்றைச் சோழகம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்ட அந்த நொடியில், சோழகத்தின் ‘சோ’, வாடையின் ‘வா’ என்று இரண்டும் ஒன்றாக வந்து விழுந்தன. காற்றின் பெயரில் தலையெழுத்தை எடுத்து நீரின் பெயருக்கு முன்னால் ஒட்டியிருக்கிறார்கள்! மறுநாள் விடியலில் கரைக்குப் போய் அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர், “ஆமாம்மா, அப்படித்தான்” என்று தலையசைத்தார். செய்தியைக் கேட்ட நெறியாளர் அன்று துறையில் இருந்த எல்லாருக்கும் தேநீரும் சமோசாவும் வரவழைத்தார். ஆய்வேட்டில் அது ஒரே ஒரு பத்திதான். ஆனால் அந்த மாலைக்கு ஈடாக எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் பிள்ளை நடக்கப் பழகியதைப் பார்த்த அக்கா, அதைப் போலத்தான் இருந்திருக்கும் என்றாள்.

அதே பெரியவர் நான் போகும் ஒவ்வொரு நாளும் எனக்குத் தேர்வு வைப்பார். கண்ணை மூடச் சொல்லி, “இப்ப அடிக்கிறது என்ன காத்து?” என்பார். முகத்தில் எந்தப் பக்கம் குளிர்கிறது, காதில் எந்தப் பக்கம் இரைகிறது என்று கவனித்துச் சொல்ல வேண்டும். கொண்டலுக்கும் வாடைக்கும் இடைப்பட்ட காற்று ஒன்றைச் சரியாகச் சொன்ன அன்று, “நீ பாஸ். உங்க காலேஜ் எப்ப வேணா போடட்டும், நான் போட்டுட்டேன்” என்று சொல்லி, ஒரு பை நிறைய நெத்திலி அள்ளிக் கொடுத்தார். அம்மா அதைப் பொரித்து, தெருவில் நான்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

நூலகத்திலும் இந்த இன்பம் உண்டு. எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த அவர், 1736 முதல் 1761 வரை 25 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். அது அவர் வீட்டிலேயே கிடந்து, 1846-இல்தான் வெளி உலகுக்குத் தெரியவந்தது. துறைமுகத்துக்குக் கப்பல் வந்த செய்திகளை அவர் எழுதியிருக்கும் பக்கங்களில் காற்றையும் மழையையும் தேடிப் படிக்கப் போனால், ஊர்ப் பேச்சு நடையில் அவர் சொல்லும் வேறு பத்துச் சேதிகள் கையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். மூடும் நேரம் என்று பணியாளர் விளக்கணைக்க வந்த பிறகே எழுந்த நாட்கள் பல.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி. முனைவர் பட்டத்தின் கடைசிப் படி, ஆய்வேட்டைப் பற்றித் தேர்வாளர் கேட்கும் கேள்விகளுக்கு மாணவர் பதில் சொல்லும் வாய்மொழித் தேர்வு. அது மூடிய அறைக்குள் நடப்பதன்று; நோட்டீஸ் ஒட்டி, ஆர்வமுள்ளவர்கள் வந்து உட்கார்ந்து கேட்கும்படி நடத்தப்படுவது. ஆனாலும் துறை அறிவிப்புப் பலகையைத் தாண்டி அந்தச் செய்தி வெளியே போவதில்லை. சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் தேர்வுக்குப் போயிருந்தேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கூலியைப் பற்றியது அவர் ஆய்வு. அவருடைய பாட்டியே அந்த வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். பட்டுப்புடவை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளின் விரல் நுனிகள் முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்து, ரேகை தேய்ந்து போயிருந்தன. புறத்தேர்வாளர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க, அவர் பக்கத்தில் இருந்த என்னிடம் குனிந்து, “ஏம்மா, அந்த ஐயா எம்பேரனை எதுக்கு இப்படித் திட்டுறாரு?” என்றார். குரலை அவர் அவ்வளவாகத் தாழ்த்தவில்லை. அரங்கமே சிரித்துவிட்டது. தேர்வாளர் எழுந்து நின்று கைகூப்பி, “திட்டலைங்கம்மா, தெரிஞ்சிக்கத்தான் கேக்கிறேன். மழை மாசத்துல மட்டும் கூலி ஏன் குறைஞ்சிருக்குன்னு நீங்களே சொல்லுங்களேன்” என்றார். பாட்டி தயங்கவே இல்லை. “மழையில கொட்டை காயாதுங்க ஐயா. ஈரத்தோட உடைச்சா பருப்பு நொறுங்கிப்போவும். நொறுங்கினா கூலியைப் பிடிச்சிக்குவாங்க” என்றார். ஆய்வேட்டில் ஓர் இயல் முழுவதும் அட்டவணைகளோடு நண்பர் நிறுவியிருந்தது அதைத்தான். தேர்வாளர் அந்த இயலைத் திறந்து பக்க எண்ணைச் சொல்லிக் காட்டியபோது எழுந்த கைதட்டலை நான் மறக்கமாட்டேன். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அவர் அறிவித்ததும், மிக்சரும் லட்டும் தேநீரும் வந்தன. பாட்டி தம் கையால் முதல் லட்டைத் தேர்வாளருக்குக் கொடுத்தார்.

அன்று அந்த அரங்கில் 60 நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. பண்ருட்டியிலிருந்து முந்திரி உடைக்கும் பெண்கள் பத்துப் பேர் வந்திருந்தால், தங்கள் வேலையைப் பற்றிப் படித்தவர்கள் இவ்வளவு மரியாதையோடு பேசுவதைக் கேட்டிருப்பார்கள். எங்கள் தெருப் பெண் வந்திருந்தால் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டாள்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் கோயில் திருவிழா, பட்டிமன்றம், நூல் வெளியீடு, மின்தடை ஆகியவற்றைப் போடுகிறீர்கள். கடலூர், புதுச்சேரிப் பகுதிகளில் நடக்கும் வாய்மொழித் தேர்வுகளையும் அதே இடத்தில், தலைப்பு, இடம், நேரம் என்று இரண்டே வரியில் வெளியிட வேண்டும். தலைப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பொதுமக்களுக்குப் புரியும் தமிழில் எழுதித் தருவதை ஆய்வு மாணவர்களே செய்ய வேண்டும். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நண்டுகளை எண்ணுகிற என் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். ஆங்கிலத்தில் மூன்று வரி நீளும் தம் தலைப்பை அரை மணி நேரம் யோசித்து, ‘பிச்சாவரச் சேற்றில் எந்த நண்டு எங்கே வளை தோண்டுகிறது’ என்று அவர் எழுதிக் கொடுத்தார். அப்படி அறிவித்தால் கிள்ளைக்காரர்களும் பரங்கிப்பேட்டைக்காரர்களும் நிச்சயம் வருவார்கள். அவருக்கே தெரியாத நண்டுகளைப் பற்றியும் சொல்வார்கள். துறைத் தலைவர்கள், அறிவிப்புப் பலகைக்கு அனுப்பும் தாளின் ஒரு நகலைத் தங்கள் அலுவலகத்துக்கும் அனுப்பினால் போதும், தனிச் செலவு எதுவும் இல்லை.

எங்கள் துறையில் அடுத்த மாதம் ஒரு தேர்வு இருக்கிறது. தெருப் பெண்ணை அதற்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் தன் அம்மாவையும் கூட்டிவரலாமா என்று கேட்டிருக்கிறாள். நாள் உறுதியானதும் தமிழ்த் தலைப்போடு தங்களுக்கு எழுதி அனுப்புகிறேன். அதையே முதல் அறிவிப்பாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.