ஹுவாங் யி நாவல் வெறும் சண்டைக்கதையா?

ஆசிரியருக்கு,

காலப்பயணக் கதைகள் பற்றிய கட்டுரையில் ஹாங்காங் எழுத்தாளர் ஹுவாங் யியின் ‘ஷுன் சின் ஜி’ நாவலை வெறும் சண்டைக்கதை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், சரியில்லை. 21ஆம் நூற்றாண்டுப் படைவீரன் சீனா பல நாடுகளாகப் பிரிந்து சண்டையிட்ட ‘போரிடும் நாடுகள்’ காலத்தில் போய் விழுகிறான், வருங்காலப் பேரரசன் யிங் செங்குக்கு உதவிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறான், உண்மையான யிங் செங் உயிரோடு இல்லாததால் கணக்குத் தப்பி, அப்புறம் தன் சீடனையே யிங் செங் என்று உட்கார வைக்க வேண்டியதாகிறது. அதாவது கி.மு. 221இல் சீனாவை ஒன்றிணைத்தவன் இவன் வளர்த்த பையன், கடைசியில் இவனுக்கே எமன்! இதைவிட நல்ல முடிச்சு வேண்டுமா?

அவனை அனுப்பும் கால இயந்திரத்துக்கு விளக்கம் போதாது என்று சிலர் சொல்வது நியாயம்தான். பெண்கள் வரிசையாக நாயகனிடம் மயங்குவது எனக்கும் எரிச்சல். இந்த நாவலை வைத்து எடுத்த 2001 தொலைக்காட்சித் தொடரில் அதைக் குறைத்தார்கள், நல்லதாய்ப் போயிற்று.

- ஒரு வாசகர், திருச்சி