மெக்காய் ஸ்டேடியம் போயிடுச்சு கலா

கலா,

உன் வாய்ஸ் மெசேஜ் மூணு தடவ கேட்டேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டதும்தான் எனக்கு உசுரே வந்துச்சு. பிசியோ சொல்ற எக்சர்சைஸ மட்டும் விட்டுடாம செய்யச் சொல்லு, வலிக்குதுன்னு நிறுத்திட்டா அப்புறம் கால் மடக்கவே வராது. நிவேதாவுக்கு வேலை கெடச்சதப் பத்தி அவகிட்டயே தனியா பேசிக்கிறேன், சொல்லிடாத.

கடைசில ஒண்ணு கேட்டியே, "ஒரு கிரவுண்ட இடிச்சதுக்காடி போன்ல அப்படி அழுத"ன்னு. அன்னிக்கு எனக்கு சரியா சொல்ல வரல. அதுக்குத்தான் இந்தக் கடிதம். நீளமாத்தான் போகும், டீ போட்டுட்டு உக்காந்து படி.

நாங்க மொதல்ல இங்க வந்தப்ப வாடகைக்கு இருந்தது பாடக்கெட்ங்கிற ஊர்ல. ரோட் ஐலண்டு மாநிலம், பக்கத்துல பிராவிடன்ஸ். நம்ம ஊர் மாதிரியே மில்லு ஊருடி அது. 1793லயே ஆத்துத் தண்ணில ஓடுற பஞ்சு மில்லு அங்க கட்டியிருக்காங்க, ஸ்லேட்டர் மில்லுன்னு, அமெரிக்காவுல மில்லுத் தொழிலே அங்கதான் ஆரம்பிச்சுதுன்னு சொல்லுவாங்க. நான் போனப்ப எல்லாம் மூடியாச்சு, செங்கல் கட்டடம் மட்டும் வரிசையா நிக்குது. எங்கப்பா வேலை பாத்த மில்ல மூடினப்புறம் சங்கு சத்தம் இல்லாம நம்ம தெருவே என்னமோ மாதிரி ஆச்சே, அதே மாதிரி ஒரு அமைதி. அந்த ஊர்ல சாயந்திரமானா வெளிச்சமும் சத்தமுமா இருந்த ஒரே எடம் மெக்காய் ஸ்டேடியம்தான்.

அங்க ஆடினது பாடக்கெட் ரெட் சாக்ஸ்ங்கிற பேஸ்பால் டீம், ஊர்ல எல்லாரும் பாசாக்ஸ்னுதான் சொல்லுவாங்க. பாஸ்டன் ரெட் சாக்ஸ்னு பெரிய டீம் இருக்கில்ல, அதுக்கு நேர் கீழ இருக்குற டீம் இது. இங்க ஆடுற பசங்களுக்கு சம்பளம் குடுக்குறது, மேல கூப்பிடுறது, திருப்பி அனுப்புறது எல்லாம் பாஸ்டன்காரங்க முடிவு. ஒரு போன் வந்தா பைய எடுத்துட்டு ஒரு மணி நேரத்துல பாஸ்டன் போயிடலாம், அவ்ளோ கிட்ட. ஆனா அந்த போன் வராமயே வருஷக்கணக்குல ஆடிட்டு வீட்டுக்குப் போனவங்கதான் அதிகம்.

ஸ்டேடியம் 1942ல தொறந்தது, சதுப்பு நெலத்துல கட்டினது. டிரிபிள் ஏன்னா பெரிய டீமுங்களுக்கு நேர் கீழ இருக்குற மட்டம், அந்த டிரிபிள் ஏ டீம் வந்தது 1973ல. நாலே வருஷத்துல திவாலாயிடுச்சு. 1977ல பென் மாண்டர்னு ஒருத்தர் வாங்கினார், கனடாவுல பொறந்து இங்க மில்லுத் தொழில்ல சம்பாதிச்சு ரிட்டயர் ஆனவர், பேஸ்பால் டீம் நடத்துறதெல்லாம் அவருக்குப் பழக்கமே கெடையாது. அந்த வருஷம் முழுக்க வந்த ஜனம் 70 ஆயிரம்தான். அவர் என்ன பண்ணார்னா டிக்கெட் வெலைய ஏத்தல, பார்க்கிங்குக்குக் காசு வாங்கல, கக்கூஸக் கழுவி வெச்சார், குடிச்சிட்டு வம்பு பண்றவங்கள வெளிய அனுப்பினார், குடும்பத்தோட வந்து உக்காருற எடமா ஆக்கினார். 2005ல ஒரே சீசன்ல 6 லட்சத்து 88 ஆயிரம் பேர் வந்தாங்க. அவர் 2010ல எறந்தப்ப ஊரே துக்கம் கொண்டாடுச்சு, நான் கண்ணால பாத்தேன்.

இப்ப அந்த மேட்ச் கதைய சொல்லியே ஆகணும். 1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை ராத்திரி, மறுநாள் ஈஸ்டர். ராசெஸ்டர் ரெட் விங்ஸ்னு நியூயார்க் மாநிலத்து டீம் வந்திருக்கு. லைட் ரிப்பேராகி அரை மணி நேரம் லேட்டா ஆரம்பிச்சுது. பேஸ்பால்ல ஒம்போது இன்னிங்ஸ், சமமா இருந்தா யாராவது ஜெயிக்குற வரைக்கும் ஆடிட்டே இருக்கணும், டிராவே கெடையாது. ஒம்போது முடிஞ்சப்ப 1-1. 21வது இன்னிங்ஸ்ல ராசெஸ்டர் ஒரு ரன் எடுத்துடுச்சு, அப்பாடா முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனச்சிருப்பாங்க, உடனே வேட் பாக்ஸ்னு ஒரு பையன் அடிச்சு 2-2 ஆக்கிட்டான். ராத்திரி இவ்ளோ நேரத்துக்கு மேல புது இன்னிங்ஸ் தொடங்கக்கூடாதுன்னு லீக்ல ரூல் இருந்துச்சாம், ஆனா அம்பயருங்க கைல இருந்த புக்குல அந்தப் பாராவே விட்டுப்போச்சு, அதனால நிறுத்த மாட்டேன்னுட்டாங்க. குளிர்னா குளிர், ஒடஞ்ச பேட்டெல்லாம் போட்டு நெருப்பு மூட்டி கை காஞ்சிருக்காங்க பசங்க. ராசெஸ்டர்ல டேவ் ஹப்பர்ட்னு ஒரு கேட்சர், அதாவது பேட்ஸ்மேன் பின்னாடி குந்தி பந்தப் புடிக்கிறவன், 31 இன்னிங்ஸ் குந்தி குந்தி எந்திரிச்சிருக்கான், நம்மளால பத்து தோப்புக்கரணம் போட முடியுமா சொல்லு. கடைசில லீக் தலைவர போன்ல புடிச்சு அவர் நிறுத்தச் சொல்லி, 32 இன்னிங்ஸ் முடிஞ்சு மேட்ச்ச நிறுத்துனப்ப விடிகாலை 4 மணி 7 நிமிஷம்.

1,740 பேர் வந்த மேட்ச்சுல அப்ப மிச்சம் இருந்தது 19 பேரு. அந்த 19 பேருக்கும் டீம்காரங்க பாஸ் குடுத்தாங்க.

மீதிய ஜூன் 23ஆம் தேதி ஆடினாங்க. அப்ப பாஸ்டன் மாதிரி பெரிய டீமுங்க ஆடுற பெரிய லீக்ல ஸ்ட்ரைக்கு, எங்கயும் மேட்ச் இல்ல, அதனால எங்கெங்கயோ இருந்து ரிப்போர்ட்டருங்க எல்லாம் இந்தச் சின்ன ஊருக்கு வந்து எறங்கிட்டாங்க, ஸ்டேடியம் ஹவுஸ்ஃபுல். 18 நிமிஷம். அவ்ளோதான் ஆச்சு. 33வது இன்னிங்ஸ்ல, ரன்னுக்கு ஓடித் தொட வேண்டிய மூணு பேஸ்லயும் பாசாக்ஸ் ஆள் நிக்க, டேவ் கோசா ஒரு சிங்கிள் அடிச்சான், மார்ட்டி பேரட் ஓடி வந்து கடைசி பேஸத் தொட்டான், பாசாக்ஸ் 3-2ன்னு ஜெயிச்சுது. மொத்தம் 8 மணி 25 நிமிஷம். அமெரிக்காவுல காசுக்கு ஆடுற பேஸ்பால்ல இதவிட நீளமான மேட்ச் இன்னிக்கு வரைக்கும் கெடையாது.

அந்த மேட்ச்சுல ஆடின வேட் பாக்ஸும், ராசெஸ்டர் பக்கம் ஆடின கால் ரிப்கனும் பின்னாடி பெரிய ஸ்டாராகி, பேஸ்பால் ஜாம்பவான்களுக்குன்னு இருக்குற ஹால் ஆஃப் ஃபேம்ல சேந்தாங்க. ஜெயிக்க வெச்ச அந்த ஷாட்ட அடிச்ச டேவ் கோசா பெரிய லீக்ல ஒரே ஒரு மேட்ச் கூட ஆடல. அந்த போன் அவனுக்கு வரவே இல்ல. எனக்கு அவனத்தாண்டி ரொம்பப் புடிக்கும். பாடக்கெட்ல வயசானவங்க யாருகிட்ட வேணா கேளு, கோசா பேர ஒடனே சொல்லுவாங்க.

நம்ம கார்த்தி வளந்ததே அங்கதான்னு சொல்லலாம். அந்த ஸ்டேடியத்துல ஆட்டக்காரங்க உக்காருற எடம் ஜனங்க உக்காருற வரிசைக்கு நேர் கீழ, பள்ளத்துல இருக்கும். ஆட்டோகிராப் வாங்கணும்னா பசங்க பால் கேன பாதியா வெட்டி, உள்ள பந்தும் பேனாவும் போட்டு, கயித்துல கட்டி மேலருந்து கீழ விடுவாங்க, கெணத்துல வாளி விடுற மாதிரியே. கீழருந்து ஒரு கை வந்து எடுக்கும், கையெழுத்துப் போட்டு கயித்த ரெண்டு இழுப்பு இழுக்கும். யாருன்னே தெரியாது, மேல தூக்கிப் பாத்தாதான் தெரியும். ஏழு வயசுல இவன் மொத பந்த தூக்கினப்ப கத்தின கத்து இன்னும் என் காதுல இருக்கு. எனக்கு இங்க சொந்தம்னு யாரும் இல்லாத காலம் அது. பக்கத்து சீட்டுல வழக்கமா வர்ற ஒரு பாட்டிதான் எனக்கு ரூல்ஸெல்லாம் சொல்லிக் குடுத்தாங்க, ஸ்கோர் ஷீட்டு எழுதக் கத்துக் குடுத்தாங்க, நான் கொண்டு போன முறுக்க அவங்க தின்னாங்க.

2015ல டீம் கை மாறுச்சு. புது ஓனருங்க புது ஸ்டேடியம் வேணும்னாங்க, மொதல்ல பிராவிடன்ஸ்ல, அது நடக்கல, பாடக்கெட்லயே கட்டலாம்னு பேச்சு, அரசாங்கப் பணம் எவ்ளோன்னு சண்டை, கடைசில 2018ல வூஸ்டருக்குப் போறோம்னு சொல்லிட்டாங்க. வூஸ்டர் பக்கத்து மாநிலம், கார்ல முக்கா மணி நேரம். 2020தான் மெக்காய்ல கடைசி சீசன்னு சொன்னாங்க. அதனால 2019ல நாங்க சரியாவே போகலடி, அடுத்த வருஷம் நெறைய போயிக்கலாம், கடைசி மேட்ச்சுக்கு அந்தப் பாட்டியையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்துட்டோம். கொரோனா வந்துச்சு, 2020 சீசனே நடக்கல. 2019 செப்டம்பர்ல ஆடினதுதான் கடைசின்னு அங்க உக்காந்திருந்த யாருக்கும் அன்னிக்குத் தெரியாது. 2020 கோடையில கிரவுண்டுக்குள்ளயே டேபிள் போட்டு சாப்பாடு குடுத்தாங்க, நாங்களும் புக் பண்ணி போனோம். கார்த்தி புல்லத் தடவிப் பாத்துட்டே இருந்தான். பாட்டி அந்த வருஷம் மே மாசமே எறந்துட்டாங்க.

இந்த அழுகை அதுக்கும் சேத்துதான் கலா.

2021லருந்து டீம் வூஸ்டர்ல ஆடுது. அதே வருஷம் நாடு முழுக்க இந்த மாதிரி சின்ன டீம்ல 40 டீமக் கழட்டி விட்டு 160ஐ 120 ஆக்கிட்டாங்க, அதப் பாக்கும்போது நம்ம டீம் பக்கத்து ஊருக்குத்தான போச்சுன்னு மனசத் தேத்திக்குவேன். ஒரு தடவ போயிட்டு வந்தோம், புது ஸ்டேடியம் அழகா இருக்கு, அந்த ஊர் ஜனம் சந்தோஷமா வருது, அவங்க மேல எனக்கு வருத்தம் எதுவும் இல்ல. மெக்காய் சும்மா கெடந்து பாழாச்சு. 2022ல ஊர் ஜனமே ஓட்டுப் போட்டு அங்க ஹைஸ்கூல் கட்டலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. பள்ளிக்கூடம்தான், நல்லதுதான். ஆனாலும் அந்த லைட் கம்பம் நின்ன பக்கம் வெறும் வானமா இருந்தத கார்லருந்து பாத்தப்பதான் உனக்கு போன் போட்டேன்.

கார்த்தியோட பால் கேனும் கயிறும் கராஜ்ல ஆணில தொங்குது. காலேஜ்லருந்து வந்தப்ப எடுத்துப் பாத்துட்டு அங்கயே திருப்பி மாட்டிட்டான்.

ஜனவரியில வர்றோம், டிக்கெட் போட்டாச்சு. அம்மாவுக்கு முட்டிக்குப் போடுற உறை இங்கருந்து வாங்கிட்டு வரவா, சைஸ் மட்டும் அளந்து அனுப்பு.

உன் செல்வி