ஸ்டீம் ஹீட் வீட்டுக்கு எவ்வளவு ஈரம்?

அன்புள்ள கண்ணு,

ராத்திரி தொண்டை வறண்டு முழிப்பு வந்துவிடுகிறது, பயலுக்கு மூக்கில் ரத்தம் கசிகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். வீடு முழுக்க ஈரப்பதம் கொடுக்கிற மெஷின் வைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். நூல் மில்லில் காற்றுக்கு ஈரம் கொடுக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பார்த்தே ரிட்டயர் ஆனவனிடம் இதைக் கேட்டால் போனில் முடிகிற பேச்சா?

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் திட்டாதே. பாய்லரில் கொதிக்கும் தண்ணீரின் ஆவி குழாய்க்குள்ளேயே வந்து, சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீராகி பாய்லருக்குத் திரும்புகிறது. அறையின் ஈரத்தை அது எடுப்பதில்லை. வறட்சி வெளியிலிருந்து வருகிறது. பாஸ்டன் பக்கம் ஜனவரியில் மைனஸ் 10 டிகிரி சாதாரணம். அந்தக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று 2.4 கிராம் தண்ணீருக்கு மேல் தாங்காது. அதே காற்று இடுக்கு வழியாக உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடானால் 18 கிராம் வரை தாங்கும். ஆனால் அதில் இருப்பது அதே 2.4 தான். அதாவது ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டாது. சமையலும் குளியலும் கொஞ்சம் ஏற்றும், அவ்வளவுதான். எங்கள் மில்லில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பக்கம் 55 சதவீதத்துக்குக் கீழே போனாலே நூல் அறுந்து சத்தம் போட ஆரம்பித்துவிடுவார்கள்!

உன் வீடு 500 கன மீட்டர் என்று வைத்துக்கொள். பழைய மர வீடு, மணிக்குப் பாதிக் காற்றாவது மாறும். 30 சதவீதத்தில் நிறுத்தவே மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல், நாளைக்குச் சுமார் 18 லிட்டர் வேண்டும். நீ ரேடியேட்டர் மேல் வைத்திருக்கும் தட்டுத் தண்ணீர் எந்த மூலைக்கு?

ரேடியேட்டர் வால்வைக் கழற்றி ஆவியை அறைக்குள் விடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராமே, அதை மட்டும் செய்யவே செய்யாதே. அது துருவும் பாய்லர் மருந்தும் கலந்த தண்ணீரின் ஆவி. பயல் கை வைத்தால் வெந்துவிடும். வெளியே போன தண்ணீருக்கு ஈடாகப் புதுத் தண்ணீர் இறங்கும். அதிலுள்ள ஆக்சிஜன் பாய்லர் இரும்பை அரித்துவிடும்.

வீடு முழுக்க என்று விற்கும் மெஷின்கள் பெரும்பாலும் சூடான காற்று போகும் டக்டில் மாட்டுபவை. உன் வீட்டில் டக்டே இல்லை. ஃபேனோடு சுவரில் மாட்டும் மின்சார ஸ்டீம் யூனிட் கிடைக்கும். மாடிப்படி அருகே வைத்தால் இரண்டு தளத்துக்கும் போகும். தண்ணீர் லைனும் வடிகாலும் இழுக்க வேண்டும். லிட்டருக்கு முக்கால் யூனிட் கரன்ட், நாளைக்கு 13, 14 யூனிட். திரி நனைந்து காற்றில் ஈரம் சேர்க்கும் பெரிய மெஷினுக்குக் கரன்ட் குறைவு. ஆனால் அது சூட்டை அறையிலிருந்தே எடுக்கும், பாய்லர்தான் ஈடுகட்ட வேண்டும். திரியைக் கழுவாவிட்டால் நாறும்.

எனக்குக் கவலை ஜன்னலைப் பற்றித்தான். ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் அந்தக் குளிரில் ஏறக்குறைய பூஜ்யம். அறையில் 40 சதவீதம் வைத்தால் கண்ணாடி 7 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அதில் ஈரம் வேர்த்துவிடும், 30 வைத்தாலும் 3 டிகிரியில். கண்ணாடியில் வழிவது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். சுவருக்குள் போய் மரத்தை ஊறவைப்பது பெயின்ட் உரியும்போதுதான் தெரியும். மில் கணக்கை வீட்டில் பார்க்காதே. கடுங்குளிரில் 30 போதும், கண்ணாடி வேர்த்தால் இன்னும் குறை.

அதனால் இந்தக் குளிர்காலம் பெரிய மெஷின் வேண்டாம். கூரைக்கு அடியில் உள்ள அட்டிக் மூடியையும் ஜன்னல் இடுக்குகளையும் அடை, ஒற்றைக் கண்ணாடிக்கு மேல் ஸ்டார்ம் விண்டோ என்கிற இரண்டாவது ஜன்னல் போடு. கசிவு பாதியானால் தண்ணீர்த் தேவையும் பாதி. பேஸ்மென்ட்டில் பாய்லர் எரிவதற்குக் காற்று வரும் வழியை மட்டும் அடைத்துவிடாதே, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்றும் பார். பயல் அறைக்கு ஒரு சின்னத் திரி மெஷின், உன் அறைக்கு ஒன்று, ராத்திரி கதவைச் சாத்தி வை. வீணையும் உன் அறையிலேயே இருக்கட்டும். ஹாலில் ரேடியேட்டர் பக்கத்தில் நிற்பதை வீடியோ காலில் பார்த்தேன், குடம் வெடித்துவிடும்.

ஈரப்பதம் காட்டும் மீட்டர் இரண்டு வாங்கி, மேலே ஒன்று கீழே ஒன்று வை. ஒரு வாரம் காலையும் ராத்திரியும் என்ன காட்டுகிறது, வெளியே என்ன குளிர் என்று குறித்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அப்புறம் மெஷின் கம்பெனிக்காரனிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா